கூண்டைக் கழற்றினால் போதுமா?

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் வெளிவந்தது. அதன் உடல் டாங்கிக்கு மட்டும் பயன்பட்டு நின்றுவிடவில்லை. டாங்கியின் சுழலும் பீரங்கிக் கூண்டு இல்லாமல், கொஞ்சம் நீட்டப்பட்ட உடலின்மேல் 130 மி.மீ. ரஷ்யப் பீரங்கியை ஏற்றினார்கள், அது ‘கேடபல்ட்’. பாலத்தைச் சுமந்துபோய் விரிக்கும் வண்டியாக்கினார்கள், அது ‘கார்த்திக்’. பீரங்கி ஏறியது, பாலம் ஏறியது. காலாட்படைச் சிப்பாய் மட்டும் அதில் ஏறவில்லை. அவரை ஏற்றாமல் விட்டது சரியா?

டாங்கியின் உடலில் சிப்பாயை ஏற்றும் வழக்கம் வேரூன்றிய இடம் 1944 ஆகஸ்டு நார்மண்டி. டாங்கிக்குப் பின்னால் நடந்துவரும் காலாட்படை எந்திரத் துப்பாக்கிக்கும் மோர்ட்டாருக்கும் கொத்துக்கொத்தாக விழுந்தது. காலாட்படை பின்தங்கினால் தனியாக முன்னேறும் டாங்கிக்குக் கண் இல்லை. கனடியத் தளபதி கை சைமண்ட்ஸ், படைப்பிரிவுகள் திருப்பிக் கொடுக்க இருந்த ‘பிரீஸ்ட்’ என்னும் நகரும் பீரங்கி வண்டிகளைக் கேட்டு வாங்கினார். பீரங்கியைப் பிடுங்கி, முன்பக்க ஓட்டையைத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். சிலவற்றில் இரு தகடுகளுக்கு நடுவே மணலைக் கொட்டினார்கள். சில நாள்களில் எழுபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் தயார். ஆகஸ்டு 7 இரவு, கான் நகருக்குத் தெற்கே நடந்த ‘டோட்டலைஸ்’ தாக்குதலில் அவை இருட்டில் எதிரி வரிசையைக் கடந்து உள்ளே போய்ச் சிப்பாய்களை இறக்கின. நடந்துபோன படையணிகளைவிட ஏறிப்போனவை மிகக் குறைவாகவே இழந்தன. அவற்றுக்குக் ‘கங்காரு’ என்ற பெயர் நிலைத்தது. பிறகு கனடாவின் ‘ராம்’ டாங்கிகளும் கூண்டை இழந்து அந்தக் கூட்டத்தில் சேர்ந்தன.

இந்த யோசனையின் பலம் இதுதான்: டாங்கிக்கு இருக்கும் அதே தகடு, அதே வேகம், அதே மேடுபள்ளம் தாண்டும் திறன், சிப்பாய்க்கும் கிடைக்கிறது. ஆனால் கங்காருவுக்குக் கூரை கிடையாது. மேலே வெடிக்கும் குண்டின் சிதறல் நேரே உள்ளே கொட்டும். அதைவிடப் பெரிய குறை, இறங்கும் வழி. ராம் போன்ற டாங்கியில் என்ஜின் பின்னால் இருக்கிறது; கதவு வைக்க வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. எனவே சிப்பாய் விளிம்பின்மேல் ஏறித்தான் குதிக்க வேண்டும், அதுவும் எதிரி பார்க்கும் உயரத்தில். தேனி மாவட்ட மார்க்கையன்கோட்டை வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பும் போருக்கென்று பிறந்த வண்டியின் வாரிசுதான். எவ்வளவு அடைத்து ஏற்றினாலும் அதில் பின்பக்கமாக மளமளவென்று இறங்கிவிடலாம். டாங்கியை ஆள்வண்டியாக்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இறங்கும் வழியில்தான்.

கோட்டைவிடாதவர்கள் இஸ்ரேலியர்கள். 1967, 1973 போர்களில் அரபுப் படைகளிடமிருந்து கைப்பற்றிய டி-54, டி-55 டாங்கிகளின் கூண்டைக் கழற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. குறுக்கே கிடந்த சோவியத் என்ஜினைத் தூக்கிவிட்டு, அடக்கமான அமெரிக்க டீசல் என்ஜினைப் பொருத்தினார்கள். மிச்சமான இடத்தில் வலப்பக்கமாக ஒரு நடைவழியும் பின்கதவும் வந்தன. கழற்றிய கூண்டின் எடைக்கு மேலேயே புதிய கவசம் ஏறியது. ‘அக்சாரிட்’ என்ற அந்த வண்டி சுமார் 44 டன். ஏழு சிப்பாய்கள் அமரலாம். மெல்லிய அலுமினியத் தகடு கொண்ட அவர்களது எம்-113 வண்டி 2014 ஜூலையில் காஸாவில் தாக்கப்பட்டு, உள்ளே இருந்த ஏழு வீரர்களும் இறந்தபோது, கனத்த வண்டி வேண்டும் என்ற வாதத்துக்கு இஸ்ரேலில் யாரும் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

‘பழைய இரும்பு, செலவு மிச்சம்’ என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். புது என்ஜின், புது கியர்ப்பெட்டி, புதுக் கவசம் என்று போட்ட பிறகு பழசாக மிஞ்சுவது உடல்கூடு மட்டும். எரிபொருள், பாலங்களின் தாங்குதிறன், உதிரிபாகம் எல்லாமே டாங்கிக் கணக்கில்தான் வரும். செச்னியாவின் கிரோஸ்னியில் லேசான வண்டிகள் எரிந்த பிறகு டி-55 உடலில் ‘பிடிஆர்-டி’ செய்து காட்டிய ரஷ்யாவே அதைப் பெருமளவில் வாங்கவில்லை.

விஜயந்தாவுக்கு வருவோம். அதன் லேலண்ட் என்ஜின் ஆரம்பம் முதலே தொல்லை. பஞ்சாப் எல்லையோ கால்வாயும் ஆறும் குறுக்கிடும் நிலம். மேடக்கில் தயாரான ‘சரத்’ (பிஎம்பி-2) சுமார் 14 டன் எடையில் நீந்தியே கரையேறும்; விஜயந்தாவின் உடலால் அது முடியாது. ஆகவே அன்று சிப்பாயை அதில் ஏற்றாததில் தவறில்லை என்பேன். ஆனால் நீந்துவதற்காக மெலிந்த சரத்தின் பக்கத் தகடு, கனரக எந்திரத் துப்பாக்கிக்கே ஈடுகொடுக்காது. தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டும் வெடிகுண்டு சுமந்த டிரோனும் மலிந்துவிட்ட இன்றைய களத்தில் அது சாதாரணக் குறையில்லை.

ஆவடியில் உருவான டி-72 டாங்கிகளும் இனி படிப்படியாக ஓய்வுபெறும். அவற்றில் என்ஜின் இருப்பதும் பின்னால்தான். ஆவடியிலேயே இருக்கும் டிஆர்டிஓ-வின் போர் வாகன ஆய்வகம், என்ஜினை மாற்றிப் பின்கதவு வெட்டிய மாதிரி வண்டி ஒன்றையாவது செய்து, கால்வாய் குறுக்கிடாத ராஜஸ்தான் மணலில் ஓட்டிப் பார்க்கட்டும். கூண்டை மட்டும் கழற்றிவிட்டு மேலே ஏறிக் குதிக்கச் சொல்வதாக இருந்தால், அந்த டாங்கிகளைப் பழைய இரும்புக்கே போடலாம்.