உள்ளே ஆளில்லாத அங்கிகள்

திரைப்படத்திற்கு ஆடை அமைப்பவரும், பாரிசிலும் ரோமையிலும் செல்வர்களுக்கு உயர்நாகரிக ஆடை வடிப்பவரும் ஒரே கத்தரியைத்தான் கையாளுகின்றனர். ஆயினும் அவர்கள் பணி தொடங்கும் இடம் வேறு. முன்னவர் ஒரு மனிதரிலிருந்து தொடங்குகிறார்: இவர் யார், எவ்வளவு சம்பாதிக்கிறார், எதை மறைக்க விரும்புகிறார் என்று கேட்டுவிட்டே துணியை வெட்டுகிறார். பின்னவர் ஆடையிலிருந்து தொடங்கி, அதைச் சுமக்க ஓர் உடலைத் தேடுகிறார். இவ்வெல்லை அழியும்போது படத்திற்கு நேர்வது என்ன என்பதே நம் கேள்வி.

அழிவது எப்போதும் குற்றமன்று. 1954இல் வெளிவந்த 'சப்ரீனா' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் அணிந்த பாரிஸ் ஆடைகள் ஹ்யூபர்ட் டி ஜிவன்ஷியின் கைவண்ணம். ஆனால் படத்தில் பெயர் பெற்றவரும், ஆடை அமைப்புக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றவரும் ஈடித் ஹெட் அம்மையாரே. இந்த அநீதி ஒருபுறம் இருக்க, கதைக்கு அவ்வாடைகள் பொருந்தின என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். காரோட்டியின் மகள் பாரிசுக்குச் சென்று வேறொருத்தியாய்த் திரும்புகிறாள். அவளை மாற்றியது பாரிஸ் என்பதைப் பாரிசில் தைத்த ஆடையைவிட நன்றாய் எது சொல்லும்?

ரோமை நகரில் இவ்விவகாரம் இன்னும் சுவையானது. அங்கே உயர்நாகரிகத் தையலகங்களுக்குப் பக்கத்திலேயே வேறொரு பழைய தையல் மரபு உண்டு. பாந்தியோன் ஆலயத்தை அடுத்துள்ள கம்மரெல்லி கடை 1798 முதல் குருக்களுக்கும் கர்தினால்மார்களுக்கும் அங்கி தைத்து வருகிறது. 2013இல் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்குமுன், எவர் வந்தாலும் பொருந்தட்டும் என்று மூன்று அளவுகளில் வெள்ளை அங்கிகள் அதன் கண்ணாடிப் பெட்டியில் தொங்கின. ஆள் இன்னும் வரவில்லை, உடை காத்திருந்தது. 1950களின் நடுவில் ஃபொந்தானா சகோதரிகள் இந்தக் குருத்துவ அங்கியின் வெட்டை எடுத்து, நடிகை ஏவா கார்ட்னருக்குக் கறுப்பு உடையொன்று தைத்தனர்; 'பிரெத்தீனோ', அதாவது 'சின்னச் சாமியார்' என்று அதற்குப் பெயர். 1960இல் ஃபெலினியின் 'லா தோல்சே வீட்டா' படத்திற்கு ஆடை அமைத்த பியெரோ கெரார்தி, அதே சாயலில் ஓர் உடையை அனிதா எக்பெர்கிற்கு அணிவித்துத் தூய பேதுரு பேராலயக் கோபுரப் படிகளில் ஏறச் செய்தார். உச்சியில் காற்று அவளுடைய அகன்ற தொப்பியைப் பறித்துச் செல்கிறது. குருவின் அங்கி நாகரிக உடையாகி, அது மீண்டும் திரைப்பட உடையாயிற்று.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1972இல், அதே ஃபெலினி இதைத் தலைகீழாய்த் திருப்பினார். அவருடைய 'ரோமா' படத்தில் வரும் 'திருச்சபை ஆடை அணிவகுப்பு' பலரும் கேள்விப்பட்ட காட்சி. தூசு படிந்த பழைய அரண்மனை ஒன்றில் முதிய பிரபுகுலச் சீமாட்டி ஒருத்தி கர்தினாலை வரவேற்று அமர்த்துகிறாள். மேடை, விளக்கு, இசை, உடைகளை வரிசையாய் அறிவிக்கும் குரல் என, பாரிஸ் தையலகம் ஒன்றில் நடப்பதெல்லாம் இங்கும் நடக்கிறது. முதலில் கறுப்புடையில் நவகன்னியர் வருகின்றனர். பின், தலைச்சீலை சிறகாய்ப் படபடக்கும் கன்னியர். சக்கரக் காலணியில் வழுக்கி வரும் குருக்கள். மிதிவண்டியில் கிராமப் பங்குச் சாமிமார். தூபக்கலசம் ஆட்டும் கோவிற்பிள்ளைகள். இதுவரை நாம் சிரிக்கிறோம். குருக்களும் சிரிப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அதன்பின் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. ஆடைகளின் கனம் ஏறுகிறது; மின்விளக்குகள் பதித்த பூசையாடைகள் கண்ணைப் பறிக்கின்றன; உள்ளிருக்கும் முகங்கள் மங்குகின்றன. ஒரு கட்டத்தில் அங்கிகள் மட்டுமே வருகின்றன, உள்ளே எவருமில்லை. அவற்றைத் தொடர்ந்து எலும்புக்கூடுகள். இறுதியில் கதிர்கள் பரப்பும் சூரியனைப்போல் திருத்தந்தையின் உருவொன்று சிம்மாசனத்தில் தோன்ற, சபையினர் முழந்தாளிட்டுக் கண்ணீர் வடிக்கின்றனர்.

இதைத் திருச்சபையை ஏளனம் செய்யும் காட்சி என்று தள்ளிவிடுவது எளிது. ஏளனம் இல்லாமலில்லை. ஆனால் அதன் வரிசையைக் கவனியுங்கள்: ஒவ்வோர் அடியிலும் உடை வளர்கிறது, உடல் தேய்கிறது. உயர்நாகரிக ஆடைக்கலையின் தருக்கமே இதுதான்; அங்கே அணிபவள் முகமற்றிருப்பது குணமாகவே மதிக்கப்படும். ஃபெலினி அத்தருக்கத்தைத் திருவுடையின்மேல் ஏற்றி, கடைசி எல்லைவரை கொண்டுபோய்க் காட்டுகிறார்.

காலத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1964 நவம்பரில் ஆறாம் சின்னப்பர் தமது மும்முடியைப் பேராலயப் பீடத்தின்மேல் வைத்து ஏழைகளுக்கென அளித்தார். 1968இல் ரோமைப் பிரபுக்கள் பாப்பு இல்லத்தில் வகித்துவந்த பரம்பரைப் பதவிகள் நீங்கின. 1969 மார்ச்சு 31இல் வெளிவந்த ஏற்பாடு கர்தினால்மார், ஆயர்களின் உடைகளை எளிமையாக்கிற்று. குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பி போயிற்று. ஆகவே 'ரோமா' வெளிவந்தபோது அந்த ஆடம்பரத்தில் பெரும்பகுதியைத் திருச்சபையே பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தது. சீமாட்டியின் கண்ணீர் அந்தப் பெட்டிக்காகத்தான். எளிமையாக்கியவர்களின் பக்கம் நிற்கிறாரா, அழுகிறவளின் பக்கமா என்பதை ஃபெலினி சொல்வதில்லை. அந்த ஒளிவெள்ளத்தில் அவருக்கும் மயக்கம் இருந்தது தெரிகிறது.

என் குறை வேறிடத்தில். திருவுடை பணியில் இருக்கும் நிலையை இப்படம் ஒருமுறையும் காட்டவில்லை. பீடத்தண்டை நிற்கும் குருவின் பூசையாடை, இன்னாரென்ற அவருடைய தனித்தன்மையை மறைக்கத்தான் இருக்கிறது. அங்கேயும் ஆள் மறைகிறார், ஆனால் வேறொருவருக்காக. மறைவதில் இரு வகை உண்டென்பதை அறியாத அங்கதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. 2018இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கத்தோலிக்கக் கற்பனையும் நாகரிக உடையும் என்ற பொருளில் நடத்திய கண்காட்சியிலும் இதே குறை. வத்திக்கான் ஏறத்தாழ நாற்பது திருவுடைகளையும் அணிகளையும் இரவல் தந்தது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தனர். அவற்றைத் தையற்கலைஞர்களின் படைப்புகளோடு சேர்க்காமல் தனிக்கூடத்தில் வைத்தது நல்ல தீர்மானம். எனினும் கண்ணாடிக்குள் இருக்கும் உடை யாருக்காகவும் மறைவதில்லை.

'ரோமா'வின் ஆடைகளை அமைத்தவர் தானிலோ தொனாத்தி. 'ரோமியோ ஜூலியட்' (1968), 'கசனோவா' (1976) படங்களுக்காக இருமுறை ஆஸ்கர் பெற்றவர். 'ரோமா' வெளிவந்த அதே 1972இல் செஃபிரெல்லியின் புனித பிரான்சிஸ் படத்திற்கும் அவரே ஆடை அமைத்தார். அங்கே பொன்னாடையில் அமிழ்ந்த மூன்றாம் இன்னொசெந்த் இறங்கி வந்து, கந்தல் உடுத்தவரின் பாதங்களை முத்தமிடுகிறார். அழகிய காட்சிதான், ஆனால் கந்தலும் சற்று அழகாகவே கிழிந்திருக்கிறது, நாகரிகக் கடையில் வாங்கினாற்போல.

தொனாத்தியின் கை எவ்வளவு அடங்கி நிற்கமுடியும் என்பதை அறிய 1964க்குப் போகவேண்டும். பசோலினி, நம்பிக்கையற்ற மார்க்சியவாதி, மத்தேயு நற்செய்தியைப் படமாக்கி, இருபத்துமூன்றாம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அதற்கும் ஆடை அமைத்தவர் தொனாத்தியே. பரிசேயர்க்கு பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் ஓவியங்களை நினைவூட்டும் உயர்ந்த, விந்தையான தொப்பிகளை வைத்தார். விசித்திரத்தில் அவை 'ரோமா'வின் அணிவகுப்புக்குச் சளைத்தவையல்ல. ஆனால் அவற்றின் கீழே தென் இத்தாலியின் வெயிலில் காய்ந்த முகங்கள் இருக்கின்றன. சந்தேகமும் அச்சமும் சினமும் அவற்றில் ஓடுகின்றன. எதிரே இயேசு, ஒரு மேலாடையைத் தலைமேல் இழுத்துவிட்டபடி, வேகமாய் நடந்துகொண்டே பேசுகிறார். அந்த மேலாடையின் வெட்டு எப்படியிருந்தது என்று படம் முடிந்தபின் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது.