பாறையும் முகமும்: பால் ஸ்ட்ராண்டின் கறுப்பு வெள்ளைக் கரை

பால் ஸ்ட்ராண்ட் 1954ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் சவுத் உயிஸ்ட் தீவில் எடுத்த ஒளிப்படங்கள், பேசில் டேவிட்சனின் உரையுடன் 1962இல் நூலாக வெளிவந்தன. பனியுகத்துப் பனியாறுகள் தேய்த்துச் சென்ற நைஸ் பாறைகள் அத்தீவினுடையவை. வண்ணம் நீங்கிய படத்தில் கல்லின் வரிகளும் தழும்புகளும் மேலெழுகின்றன. கேலிக் மொழி பேசும் தீவினரின் முகங்களையும் அவர் அதே சாம்பல் ஒளியில் பதிவுசெய்துள்ளார். மண்ணும் மக்களும் ஒன்றே என்னும் எண்ணத்தை இவ்வொப்புமை வலுவாக உணர்த்துகின்றது. எனினும் கல்லைப் போலவே மனிதரையும் காலங்கடந்தவராக்கும் குறைபாடு இதில் உண்டு. நூல் வெளிவருவதற்குள் அத்தீவில் ஏவுகணைச் சோதனைத் தளம் அமைந்துவிட்டது. ஆகவே, இப்படங்களை என்றுமுள்ள காட்சியாகப் போற்றுவதினும், மாற்றத்தின் விளிம்பில் நின்ற ஒரு சமூகத்தின் ஆவணமாக வாசிப்பதே பொருத்தமாகும்.