இரு தொண்டர்களும் ஒரு நியமனமும்: வானொலி நகைச்சுவை பற்றி ஒரு நோக்கு

இலங்கைத் தமிழ் வானொலி நகைச்சுவையின் வரலாற்றில் எஸ். ராமதாஸின் ‘கோமாளிகள் கும்மாளம்’ தனியிடம் பெறுவதாகும். 1976 இல் ‘கோமாளிகள்’ எனத் திரைப்படமாகவும் வெளிவந்த இப்படைப்பின் பலம் பேச்சுவழக்கிலே தங்கியிருந்தது. முஸ்லிம் வழக்குப் பேசும் மரிக்கார், பிராமண வழக்குப் பேசும் ஐயர், யாழ்ப்பாண வழக்குப் பேசும் அப்புக்குட்டி, சிங்கள ஒலிப்புடன் தமிழ் பேசும் உபாலி ஆகிய நால்வரும் வாய்திறந்த மாத்திரத்தே நேயர்களால் இனங்காணப்பட்டனர். மரிக்காராக நடித்த ராமதாஸ் முஸ்லிம் அல்லர். திரைப்படத்தில் ஐயராக நடித்த பி. எச். அப்துல் ஹமீதோ முஸ்லிம். பிறர் வழக்கைச் செவியால் கற்றுப் பேசும் நெருக்கம் இந்நகைச்சுவையின் அடிநாதம் எனலாம்.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. மனிதர் வெவ்வேறாகப் பேசும்போதே அது இயங்கும். ஒரே வழக்கைப் பேசுவோர் ஒரே கதிரைக்குப் போட்டியிடும்போது சிரிப்புக்கு வேறு ஊற்று தேவைப்படுகின்றது. மரிக்காரின் தமிழ் மேற்குக்கரையைச் சார்ந்தது. அங்கு ‘நானா’ எனப்படும் மூத்த சகோதரன் கல்முனையில் ‘காக்கா’ ஆகின்றான். இக்கரையின் பேச்சு வானொலியில் ஒலிக்கவேண்டும் என்பது நியாயமே. எனினும் பேச்சு மட்டும் ஒலித்தாற் போதாது. இக்கரையின் பிரச்சினையும் ஒலித்தல் வேண்டும்.

அப்பிரச்சினைகளுள் ஒன்று நியமனம். போர்க்காலத்தில் வடகிழக்குப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுசெய்த தொண்டர் ஆசிரியர்கள், ஊதியமின்றியோ சிறு கொடுப்பனவுடனோ கற்பித்து, நிரந்தர நியமனத்துக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். 1996 இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்றமை இப்பிரதேசத்து இளைஞர்க்குப் பட்டத்தை அருகிற் கொணர்ந்தது, உத்தியோகத்தை அன்று. 2020 இல் அரசாங்கம் நாடெங்கும் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாக அமர்த்தியது. அப்போதும் ‘நிரந்தரம்’ என்ற சொல் எதிர்காலத்துக்கே உரியதாயிருந்தது.

ஒரே பாடசாலையில் இரு தொண்டர்கள், ஒரேயொரு வெற்றிடம் எனக் கொள்வோம். ஒருவர் ஏழு மணிக்கு வந்தால் மற்றவர் ஆறரைக்கே வாயிலைத் திறப்பார். ஒருவர் இடாப்பை எழுதினால் மற்றவர் மணியையும் அடிப்பார். போட்டி முற்றமுற்றப் பாடசாலைக்கு இலவச உழைப்புப் பெருகும். இத்தாலிய நாடகாசிரியர் கொல்டோனியின் 18ஆம் நூற்றாண்டு வேலையாள், இரு எசமானரிடம் ஒருங்கே சேர்ந்து இரட்டை ஆதாயம் தேடினான். நம்மவர் நிலை அதன் தலைகீழ் வடிவம்: எசமான் ஒருவன், வேலையாட்கள் இருவர், சம்பளம் இல்லை.

இங்கு நேயர் எவரைப் பார்த்துச் சிரிக்கின்றார் என்பதே தலையாய வினா. இருவரின் அவதியை மட்டும் பார்த்துச் சிரிப்பின், வேலையில்லாதவனே தன் நிலைக்குக் காரணம் என்ற கருத்து சிரிப்போடு சிரிப்பாக உட்புகுந்துவிடும். பயன்பெறும் மூன்றாந்தரப்பு நாடகத்துள் வந்தாக வேண்டும். வானொலிக்கு இது அரிதன்று. அதிகாரியின் முகம் வேண்டியதில்லை. புரளும் கோப்பின் ஒலியும், எடுக்கப்படாத தொலைபேசியின் மணியும், ‘அடுத்த கிழமை வாங்க’ என்ற குரலும் போதும். அக்குரலைக் கேட்டு இரு போட்டியாளரும் ஒருங்கே சிரிக்கும் கணத்திற்றான் நகைச்சுவை விமர்சனமாக உயர்கின்றது.