முடிவில்லாப் பக்கம்

திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளும் கருவறையில் நிறைவுறுகின்றன. திருச்சி லூர்து அன்னை ஆலயத்தில் நாம் உருட்டும் செபமாலைக்கும் 53 மணியென்று ஒரு கணக்குண்டு. கைப்பேசிப் பக்கத்திற்கோ அடியே இல்லை.

2006இல் அசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர் வகுத்த முறை இது. தானியம் எப்போது விழுமென்று அறியாத புறா ஓயாது கொத்துவதை உளவியலறிஞர் ஸ்கின்னர் முன்பே ஆய்ந்து கண்டிருந்தார். அடுத்து என்ன வருமோ என்னும் அதே எதிர்பார்ப்பே மூளையில் டோபமினைத் தூண்டி நம் விரலையும் ஓயவிடாது செய்கிறது. வகுத்தவரே பின்னாளில் வருந்தினார்.

ஆகவே, நம் இல்லங்களில் மாலைச் செபம் குன்றுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. எத்துணை எழிலுடையதாயினும், நிறுத்துமிடத்தை மறைக்கும் வடிவமைப்பு குறையுடையதே. இறைவன் அருளிய மனச் சுதந்திரத்தை அது மெல்லக் கவர்கிறது. இவ்வளவு போதும் என்னும் எல்லையை இனி நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.