அரசுக்கு அணுக்கமான வரலாற்றாசிரியர்: சர்வபள்ளி கோபால்

சென்னையில் பிறந்த சர்வபள்ளி கோபால் (1923–2002) எழுதியவற்றுள் தலையாயது, 1975, 1979, 1984 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த நேருவின் வாழ்க்கை வரலாறு. ரிப்பன், இர்வின் ஆகிய வைசிராய்களின் ஆட்சிக்காலங்களை ஆவணங்களின் துணையோடு முன்னரே ஆராய்ந்து தேர்ந்தவர் அவர்.

அறிவிப்பாளரை எடைபோட்ட பின்னரே அறிவிப்பை ஏற்பது ஹதீஸ் கலையினர் வகுத்த நெறி. அந்த அளவுகோலில் கோபாலின் நிலை சிக்கலானது. வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அவர், சீன எல்லைத் தகராறில் இந்தியாவின் உரிமைக்குச் சான்று திரட்டியவர். மூன்றாம் பாகத்தில் அதே தகராறை மதிப்பிடுபவரும் அவரே. 1962 தோல்விக்கு முந்தைய நேருவின் பிழைகளை அவர் மறைக்கவில்லை. ஆயினும் எல்லைக் கோரிக்கையின் அடிப்படை அவரது எழுத்தில் கேள்விக்கு உள்ளாவதில்லை. வழக்குரைஞரே நடுவராக அமர்ந்தால் நேரும் குறை இது.

இதனால் அவரை அரசின் குரல் என ஒதுக்கிவிடலாகாது. 1992இல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்படுவதற்கு முன்பே, அப்பிரச்சினை குறித்து அறிஞர்களின் கட்டுரைகளைத் தொகுத்துப் பதிப்பித்து, வரலாறு வகுப்புவாதத்தின் கருவியாவதை எதிர்த்தவர் அவர். ஆகவே, அவர் மதிப்புமிக்க சாட்சி. எனினும் பிற சாட்சிகளோடு ஒப்புநோக்கியே ஏற்கத்தக்க சாட்சி.