தினமும் அதே தண்டால்

எளாவூருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பரப்பு பெரிது, ஆழம் குறைவு. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். மோட்டார் வந்த பிறகும் சேறு தட்டும் தண்ணீரில் படகைக் கோல் ஊன்றித்தான் நகர்த்த வேண்டும். அந்த ஊன்றலை நிதானமாகப் பார்க்க வேண்டும். கோல் நுனி சேற்றைப் பிடித்த மறுகணம் முன்கால் மடங்குகிறது, பின்கால் பலகையை உதைக்கிறது, இடுப்பில் கிளம்பிய விசை முதுகு வழியே தோளுக்கு ஏறிக் கையில் முடிகிறது. கை தள்ளுவதாகத் தெரியும்; தள்ளுவது கால். பிறகு சின்னத் திருகலோடு கோலைப் பிடுங்கி, மறுபடி அதே ஊன்றல். ஒரு அசைவும் வீணில்லை. ஒரே வேலையை ஓயாமல் செய்து வந்த நேர்த்தி அது. தசை வளர்க்க விரும்புகிறவரும் சில பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றையே அடிக்கடி செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

ஜிம்முக்குப் போகிறவர்களில் பலர் திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு என்று உடம்பைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரு தசைக்கு மறுமுறை வர ஒரு வாரம் ஆகிவிடுகிறது. ஆனால் கடும் பயிற்சிக்குப் பின் தசை புதுப் புரதம் கட்டும் வேகம் ஓரிரு நாளில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, வாரம் ஒரு முறையைவிட இரு முறை பயிற்சி தசையை நன்றாக வளர்க்கிறது என்றார்கள். 2019இல் மேலும் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வாரத்தின் மொத்த அளவு சமமாக இருந்தால் எத்தனை நாளாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்று தெரிந்தது. இதைக் காட்டி, தினப்பயிற்சியால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது தினப்பயிற்சியின் பக்கமே பேசுவதாகப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 100 தண்டால் எடுத்துப் பாருங்கள். அறுபதைத் தாண்டினால் இடுப்பு தொங்கும், முழங்கை பாதிதான் மடங்கும், எண்ணிக்கை மட்டும் ஏறும். அதையே நாளுக்கு 20 வீதம் ஐந்து நாள் எடுத்தால் நூறும் முழுத் தண்டால். மார்பு தரையை உரசிக் கீழே போய், முதுகு வில்லாக வளைந்து, தலை நிமிர்ந்து, இடுப்பு மேலேறித் திரும்பும் அந்த வட்டம் ஒரு தடவைகூட உடையாது. நம் பயில்வான்கள் தண்டால், பஸ்கி, கர்லா கட்டை என்று நாலைந்தோடு நிறுத்திக்கொண்டு, அவற்றையே நாள்தோறும் எடுத்ததில் இந்தக் கணக்கு இருக்கிறது.

தசைக்கு ஓய்வு வேண்டாமா? வேண்டும். ஆனால் ஓய்வின் அளவை உழைப்பின் அளவுதான் தீர்மானிக்கும். இன்னும் நாலு எடுக்கலாம் என்ற தெம்பு இருக்கும்போதே நிறுத்தினால் மறுநாளைக்கு உடம்பு தயார். மூச்சு முட்ட எடுப்பவருக்கு இந்த வழி ஒத்துவராது. பல்கேரியாவின் பயிற்சியாளர் இவான் அபஜியேவ் தன் பளுதூக்கும் வீரர்களைத் தினமும், நாளுக்குப் பல வேளை, உச்ச எடைக்குத் துரத்தினார். பதக்கங்கள் குவிந்தன, ஆனால் 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துச் சோதனையில் இருவர் சிக்க, அணியே பாதியில் விலகியது. அந்த வேகம் நமக்கு வேண்டாம்.

இன்னொரு கேள்வி கனமானது. தினமும் செய்வதே போதுமென்றால், கோல் ஊன்றுகிறவரின் தோள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போக வேண்டுமே? போவதில்லை. ஏரியின் பாரம் என்றைக்கும் ஒன்றுதான். உடம்பு அதற்குத் தேவையான அளவு வளர்ந்து நின்றுவிடுகிறது. பயிற்சி மாறாமல் பாரம் மட்டும் ஏற வேண்டும். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். நான்காண்டு கழித்துக் கோல்ட் கோஸ்டிலும் தங்கம். அவருடைய பளுதூக்கும் போட்டி என்பதே இரண்டே இரண்டு தூக்கு முறைகள்தான்; ஏற்றுவது எடையை மட்டும்.

20 தண்டால் சுலபமாகிவிட்டால் காலைத் திண்ணைமேல் வைத்து எடுங்கள். மூட்டு வலித்தால் இரண்டு நாள் விடுங்கள். பயிற்சியை மட்டும் மாற்றாதீர்கள்.