காசநோயும் கேள்வித்தாளும்: ஓர் ஆய்வேட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

போன மாதம் ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் காசநோய் பற்றிய விழிப்புணர்வு எப்படி இருக்கிறது என்பது தலைப்பு. எந்தப் பல்கலைக்கழகம், யார் நெறியாளர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கடைசி அத்தியாயத்தைத் திறக்கும் முன்பே முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது: "போதிய விழிப்புணர்வு இல்லை, ஊடகங்கள் வழியே விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்." தெரிந்ததற்குக் காரணம், பல வருஷங்களுக்கு முன்னால் என் எம்.ஃபில் ஆய்வேட்டில் நானே எழுதிய முடிவு இது. வார்த்தைகூட அதிகம் மாறவில்லை.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு கட்டுக் கேள்வித்தாளோடு அலைந்தேன். அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று மூன்று பகுதி. துறைக்காரர்கள் 'கேப்' சர்வே என்பார்கள். அதில் ஒரு கேள்வி: "பிசிஜி தடுப்பூசி காசநோயைத் தடுக்குமா?" ஆம் என்றால் ஒரு மதிப்பெண், இல்லை என்றால் பூஜ்யம். ஊத்துக்கோட்டை ரோட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி, "எங்கப்பா தடுக்குது? எங்க வூட்டுக்காரருக்குக் கையில தழும்பு இருந்துச்சு. அப்பவும் டிபிலதான் போனாரு" என்றார். பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அப்போது நான் படித்திராதது இது. 1968-ல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், உலகின் மிகப் பெரிய பிசிஜி பரிசோதனை நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு வெறும் போலி மருந்து. 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது அந்தப் பரிசோதனைக் களத்தின் ஒரு பகுதி இதற்குள் வந்தது. முதல் ஏழரை ஆண்டு முடிவிலேயே உலகம் திடுக்கிட்டது. 15 ஆண்டு கண்காணிப்பின் முடிவு 1999-ல் வெளியானது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி அங்கே தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை போன்ற கொடிய வடிவங்களிலிருந்து காப்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம்.

ஆக, பாட்டி சொன்னது சரி. என் விடைக்குறிப்புதான் தப்பு. அதுவும் அந்த முடிவு கண்டுபிடிக்கப்பட்ட மண்ணிலேயே நின்றுகொண்டு, அந்த ஊர்க்காரருக்கு பூஜ்யம் போட்டிருக்கிறேன். அவர் கணவரும் அந்தப் பரிசோதனையில் ஊசி போட்டுக்கொண்டவரா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேள்வித்தாளில் அதற்கு இடம் இல்லை.

இது தனிப்பட்ட கவனக்குறைவு மட்டும்தானா? அப்படி நான் நினைக்கவில்லை. 'கேப்' சர்வே ஒரு கருதுகோளை வைத்துக்கொண்டே புறப்படுகிறது: அறிவு நம்மிடம் இருக்கிறது, குறை அவர்களிடம் இருக்கிறது. நாம் அளப்பது அந்தக் குறையின் ஆழத்தைத்தான். சுகாதாரத் தொடர்பியலில் அதிகம் புழங்கும் 'உடல்நல நம்பிக்கை மாதிரி'யின் பிறப்பைப் பாருங்கள். 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய உளவியலாளர்கள் உருவாக்கியது. தூண்டுதலாக இருந்தது காசநோய்தான். வண்டியில் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்து இலவசமாக எடுக்கிறோம், ஜனங்கள் ஏன் வர மாட்டேன் என்கிறார்கள்? இதுதான் கேள்வி. நோய் தனக்கு வரும் என்று நம்புகிறாரா, வந்தால் ஆபத்து என்று நம்புகிறாரா, பரிசோதனையால் பலன் உண்டு என்று நம்புகிறாரா, தடையாக எவற்றைக் காண்கிறார் என்று பிரித்துப் பார்த்தார்கள். நியாயமாகச் சொன்னால் 'தடை' என்பதும் அதில் உண்டு. நம்மூர் ஆய்வேடுகளுக்கு வந்து சேரும்போது அந்தத் தடை, டிக் அடிக்கும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு கேள்வியை 1963-லேயே இந்தியாவில் கேட்டுவிட்டார்கள். பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தில் இருந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் செய்த ஆய்வு அது. ஊர் ஊராக எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்து நோயாளிகளைக் கண்டுபிடித்தாயிற்று. பிறகு அவர்களிடமே போய், உங்களுக்கு உடம்பில் ஏதாவது தொந்தரவு தெரிந்ததா, தெரிந்தபோது என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார்கள். பெரும்பாலோருக்கு அறிகுறி தெரிந்திருந்தது. கவலையும் பட்டிருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே சிகிச்சை தேடிப் போயும் இருந்தார்கள். போன இடத்தில்தான் நோய் கண்டுபிடிக்கப்படவில்லை. இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார்கள்.

இந்த ஆய்வை நான் படித்தது ரொம்பத் தாமதமாக. படித்த அன்று ராத்திரி என் எம்.ஃபில் ஏட்டை எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தும்கூரில் நடந்ததும் சர்வேதான், எண்ணிக்கைதான், சதவீதம்தான். அதனால் 'அளவைசார் ஆய்வு என்றாலே அதிகாரத்தின் குரல், பண்புசார் ஆய்வு என்றால் மக்களின் குரல்' என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1994-ல் டெபோரா லப்டன் சுகாதாரத் தொடர்பியலுக்கு விமர்சனப் பார்வை வேண்டும் என்று எழுதினார். மோகன் தத்தா 2008-ல் பண்பாட்டு மைய அணுகுமுறையைத் தனி நூலாகவே கொண்டுவந்தார். விளிம்பில் இருப்பவர்களின் சொல்லிலிருந்து பிரச்சினையை வரையறுக்க வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டும் முக்கியமானவை. ஆனால் நம் ஆய்வேடுகளில் இரண்டாம் அத்தியாயத்தில் தத்தா வருவார், நான்காம் அத்தியாயத்தில் கை-ஸ்கொயர் அட்டவணை வரும், ஐந்தாவதில் "போஸ்டர் ஒட்ட வேண்டும்" என்று முடியும். நடுவில் தத்தா எங்கே இறங்கிப்போனார் என்று யாரும் கேட்பதில்லை, வாய்மொழித் தேர்விலும் கேட்பதில்லை.

மாணவியின் வரைவுக்கு வருகிறேன். உழைப்புக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷனில் இறங்கி, லைன் வீடுகளில் ஏறி இறங்கியிருக்கிறார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். ஒரு அறையில் பலர். ஒரு ஷிப்ட் எழுந்து போனால் அடுத்த ஷிப்ட் அதே பாயில் படுக்கும். இதையெல்லாம் 'ஆய்வுக் களம்' என்ற தலைப்பில் ஒரு பத்தியில் சொல்லிவிட்டு அட்டவணைக்குப் போய்விடுகிறார். எனக்கோ அந்தப் பத்தியை விட்டு நகர முடியவில்லை. காற்றில் பரவும் நோயைப் பற்றிய ஆய்வில் அதைவிட முக்கியமான தகவல் எது?

முறையியலில் ஒரு வரி என்னை நிறுத்தியது. இந்தி தெரியாததால், "கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளர் மொழிபெயர்ப்பில் உதவினார்." வேலையிலிருந்து நிறுத்தும் அதிகாரம் உள்ளவன் பக்கத்தில் நிற்க, "இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் ஒரு பையன் என்ன சொல்வான்? "தெரியாது" என்பதுதான் புத்திசாலித்தனமான பதில். அது அட்டவணையில் 'அறியாமை' என்று ஏறியிருக்கிறது.

திருவள்ளூருக்கென்றே இன்னொரு ஆய்வு உண்டு. 2002-ல் வந்தது; மாவட்டத்தில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை பெற்றவர்களில் யார் பாதியில் நிறுத்தினார்கள், யாருக்கு மருந்து பலிக்கவில்லை, யார் இறந்தார்கள் என்று பார்த்தது. பாதியில் நிறுத்தியதோடு சேர்ந்து வந்தவை: ஆண், முன்பே சிகிச்சை எடுத்தவர், குடிப்பழக்கம், இன்னும் சில. இதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்டது குடியை மட்டும். அதே பட்டியலில், தானாக ஆஸ்பத்திரிக்கு வராமல் ஊர்க் கணக்கெடுப்பில் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் அதிகம் நிறுத்தினார்கள் என்று இருக்கிறது. இறப்போடு சேர்ந்து வந்ததோ 35 கிலோவுக்குக் குறைந்த எடை. எடை பேசாது, பேட்டி கொடுக்காது. அதனால் தொடர்பியல்காரர்கள் அதைத் தொடுவதில்லை.

2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அந்த இடத்தைத்தான் தொட்டது. நோய் உறுதியானதும் உயரம்-எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே படுக்கையில் சேர்ப்பது. இதில் நோயாளிக்குப் போதனை எதுவும் இல்லை. செவிலியர் நோயாளியின் உடம்பைப் பார்க்கிறார், பார்த்ததை மருத்துவரிடம் சொல்கிறார். இதுவும் தொடர்பியல்தானே? இதை யாராவது ஆய்வுக்கு எடுத்திருந்தால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

நிஜமாகவே சேதி போய்ச் சேராத இடம் ஒன்றும் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் காசநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு; வேலைக்குப் போகாமலேயே இரண்டு வருஷம் வரை தினக்கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். ஆனால் தொடர்ந்து இரண்டு வருஷம் வேலையில் இருந்திருக்க வேண்டும், அதில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் மாறும் பையனுக்கு, தன் பெயரில் சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்பதே தெரியாது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஆறு மாதம் ஊருக்கு எதை அனுப்புவது என்பதுதான் தெரியாது. மாணவியின் கேள்வித்தாளில் கிருமியின் பெயர் கேட்கப்பட்டிருக்கிறது, இ.எஸ்.ஐ. பற்றி ஒரு கேள்வி இல்லை.

இதையெல்லாம் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன் போல. இரண்டு நாள் கழித்து போன் பண்ணினார். "சார், அப்ப நான் எடுத்த சாம்பிள் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடணுமா? சப்மிஷனுக்கு மூணு மாசம்தான் சார் இருக்கு."

வேண்டாம்மா என்றேன். கேள்வித்தாளின் கடைசியில் 'பிற கருத்துகள்' என்று ஒரு கட்டம் இருந்ததே, அதில் ஏதாவது எழுதி வந்தீங்களா என்று கேட்டேன்.

"நிறைய இருக்கு சார். மேற்பார்வையாளர் டீ குடிக்கப் போனப்ப அவங்களே பேசுனது. பக்கத்து ரூம்ல தமிழ் தெரிஞ்ச பையன் ஒருத்தன் சொல்லச் சொல்ல எழுதுனேன். கோடிங்ல வரலேன்னு விட்டுட்டேன்."

முதலில் அதைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.